அட்டைப்படத்துப் பெண்களுக்கு எங்கே நோகும்

அன்ரி ஒருவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்ப்பார். லிஃப்ற்றுக்குள் யாராவது ஏறினால் அவருடைய கண் நேரே கீழே போகும். எந்தக் காலில் பாரம் நிற்கிறது, குதிக்கால் நிலத்தில் படுகிறதா, முழங்கால் இறுகிப்போய் இருக்கிறதா என்று அளந்துவிடுவார். பிறகுதான் முகம். பிறகுதான் சுகம் விசாரிப்பது. எங்கள் ஸ்காபரோ கட்டடத்தில் குழாயும் கதவும் திருத்துகிற போர்த்துக்கீசர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அன்ரி அவரை மறித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இடது இடுப்பை டொக்டரிடம் காட்டும்படி சொன்னார். அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் ஒப்பரேசன் முடிந்து ஊன்றுகோலோடு திரும்பி வந்த அன்று, முதல் வேலையாக அன்ரியின் கதவைத் தட்டி ஒரு பெட்டி சொக்கலேற் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் விளையாட்டு ரீச்சராக இருந்தவர் அவர். வலைப்பந்து பழக்கியவர். துள்ளி இறங்குகிற பிள்ளைகளின் கணுக்காலைப் பார்த்துப் பார்த்து வந்த வியாதி இது என்பார். நோவை மறைத்துக்கொண்டு விளையாடுகிற பிள்ளையைத்தான் முதலில் வெளியே கூப்பிட வேண்டுமாம். அவள்தான் நோகவில்லை என்று சத்தியம் செய்வாளாம்.

நான் அவரை அறிந்தது தொண்ணூற்று மூன்றில். கல்யாணம் முடித்து ரொறொன்ரோவுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பதினோராம் மாடியில் எங்களுக்கு அடுத்த கதவில் அன்ரி மகளோடு இருந்தார். மகள் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள், என்னை அக்கா என்பாள். என் கணவர் இரண்டு வேலை செய்தார். நான் பகல் முழுவதும் ஜன்னலில் நின்று 401 நெடுஞ்சாலையில் போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்ரி தன் வேலையிடத்தில் உதவிக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். என்ன வேலை என்றேன். பழைய புத்தகம் துடைத்து உறையில் போடுகிற வேலை என்றார். கணவரிடம் புத்தகக் கடை என்று சொன்னேன். சரி என்றார்.

கிங்ஸ்டன் றோட்டில் அந்தக் கடை. முன்பக்கத்தில் பழைய கொமிக்ஸ், ஹொக்கி அட்டைகள். பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கடைக்காரர் காது மந்தமான, வயதான வெள்ளைக்காரர். செத்துப்போனவர்களின் வீட்டு நிலவறைகளிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய அமெரிக்கச் சஞ்சிகைகளை வாங்கிவந்து, சேகரிப்பவர்களுக்குத் தபாலில் விற்பார். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்தவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஓவியர் தீட்டிய ஒரு பெண். அவர் அவற்றைப் பின்-அப் என்பார். அந்தக் காலத்தில் சிப்பாய்களும் மெக்கானிக்குகளும் கிழித்துச் சுவரில் குத்திவைத்ததால் வந்த பெயராம்.

முதல் நாள் மேசையைப் பார்த்துவிட்டு வந்த கதவைப் பார்த்தேன். ஒருத்தி ஏணியில் நிற்கிறாள், பாவாடை ஆணியில் மாட்டி மேலே போய்விட்டது. இன்னொருத்தியின் கால்களை ஒரு நாய்க்குட்டி தன் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டது. ஒருத்தி காற்றில் குடையோடு போராடுகிறாள். யாரும் அம்மணமாக இல்லை. ஆனால் எல்லாருக்கும் தொடைவரை தெரிந்தது. எல்லாருடைய வாயும் 'ஓ' என்று திறந்து, புருவம் உயர்ந்து, கன்னம் சிவந்து இருந்தது. எனக்கு உடம்பு கூசியது. அன்ரி வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு சோடியை என்னிடம் தந்தார். தனக்கும் முதல் கிழமை அப்படித்தான் இருந்தது என்றார்.

"பிறகு வடிவாப் பாத்தன். பாவமாக் கிடந்துது. உந்தப் பிள்ளைக்கு நாரி நோகுது, பார்." தன் இடுப்பின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

தூரிகையால் தூசு தட்ட வேண்டும், கம்பித் தையலில் கறள் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பின்னால் மட்டை வைத்து பிளாஸ்ரிக் உறைக்குள் நுழைக்க வேண்டும். கிழிசலோ கறையோ இருந்தால் ஒரு துண்டில் எழுதி ஒட்ட வேண்டும். அன்ரியின் கை இதையெல்லாம் செய்யும். வாய் அந்தப் பெண்களோடு இருக்கும். இவளுக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது, இவளுக்குக் குளிர்கிறது, தோளைப் பார், இவளை நெடுநேரம் நிற்க வைத்துவிட்டார்கள் என்பார். நாய்க் கயிறு சுற்றிய பெண்ணை ஒரு நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் இழுக்கிறது, பாவாடை போகிறது, இவள் ஏன் சிரிக்கிறாள் என்று என்னைக் கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. படம்தானே அன்ரி என்றேன். படத்துக்கு ஒருத்தி நின்றிருப்பாள்தானே என்றார்.

அதைக் கடைக்காரரிடமே கேட்டுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஓவியர்கள் உண்மையான பெண்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் தீட்டினார்கள் என்றார் அவர். பக்கத்து வீட்டுப் பெண், கடையில் நிற்கிற பெண், யாரையும் கூப்பிடுவார்களாம். தீட்டும்போது காலை மட்டும் கொஞ்சம் நீட்டி விடுவார்களாம். அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. காலும் அவளுடையது இல்லையென்றால் அவளை எதற்காக நிற்க வைத்தார்கள் என்று கேட்டார். கடைக்காரர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டு சிரித்தார். அன்ரி அட்டையின் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"கீறினவன்ரை பேர் இதிலை இருக்கு. நிண்டவளின்ரை பேர் எங்கை?"

அதை நான் மொழிபெயர்த்தபோது கடைக்காரர் சிரிக்கவில்லை. தெரியாது என்றார்.

ஒரு மார்ச் மாதம், வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது, கடைக்காரர் தபால் நிலையத்துக்குப் போயிருந்தார். அன்ரி பூட்ஸைக் கழற்றிவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு அறை நடுவில் வந்து நின்றார். ஏணிப் பெண்ணின் அட்டையைப் பெட்டியில் சாய்த்துவைத்தார். ஒரு காலின் பெருவிரலில் எழும்பி, மற்றக் காலை மடக்கி, இடுப்பை ஒரு பக்கமும் தோளை மறு பக்கமும் திருகி, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொடுத்தார். வாயை 'ஓ' என்று வைத்துக்கொண்டு, எண்ணு என்று கண்ணால் சொன்னார். ஐம்பத்துமூன்று வயது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, நரைத்த கொண்டை, வாய் மட்டும் அமெரிக்கக்காரி. முப்பத்தெட்டு எண்ணியபோது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, பெட்டிகளுக்கு மேல் அப்படியே இருந்துவிட்டார். நான் அவருடைய காலை மடியில் வைத்து உருவிவிட்டேன். இரண்டு பேருக்கும் கண்ணீர் வரும்வரை சிரிப்பு. கனடாவுக்கு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவருடைய கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வெவ்வேறு வருடத்தில் வந்த ஏழு சஞ்சிகைகளை ஒரு நாள் மேசையில் வரிசையாக அடுக்கினார். இது எல்லாம் ஒரே பிள்ளை என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருத்திக்குக் கறுப்பு முடி, ஒருத்திக்குச் செம்பட்டை. இடது தோள் கொஞ்சம் சரிந்திருப்பதைப் பார், பெருவிரலைவிடப் பக்கத்து விரல் நீளமாக இருப்பதைப் பார் என்றார். கடைக்காரர் பூதக்கண்ணாடி கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது வருடமாக இந்தப் படங்களை விற்கிறேன், எனக்கு இது தெரியவில்லையே என்றார். அந்த ஏழு அட்டைகளும் வந்த ஆறு வருடத்தில் அந்தப் பெண் எங்கள் மேசையில் வளர்ந்துகொண்டே போனாள். கடைசி அட்டையில் உடம்பு அவளுடையது, தோள் அவளுடையது, முகம் மட்டும் வேறு, வயது குறைந்த ஒருத்தியுடையது.

"தலையை மாத்திப்போட்டாங்கள்," என்றார் அன்ரி. அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

இப்படி ஒருவரின் பக்கத்தில் தினமும் ஏழு மணித்தியாலம் இருந்துகொண்டு எதையும் மறைக்க முடியாது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

என் கணவர் குடிப்பவர் அல்ல. வெளியே மிக அமைதியானவர். கறி ஆறிவிட்டது, ஊருக்குப் பேசிய தொலைபேசி நீண்டுவிட்டது, இப்படி ஏதாவது போதும். முதலில் மேற்கையைப் பிடித்து இறுக்குவார். பிறகு தள்ளுவார். சட்டைக்கு வெளியே தெரிகிற இடத்தில் ஒருபோதும் அடையாளம் வராது. அந்த ஏப்ரல் மாதம் என்னைச் சமையலறை மேசை விளிம்பில் தள்ளிவிட்டார். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். வழக்கம்போலக் கையுறை போட்டேன், தூரிகை எடுத்தேன். அன்ரி எதிரில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் வலப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நிக்கிறாய்?"

குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன்.

"ஒருக்கா ஆழமா மூச்சை எடு பாப்பம்."

எடுக்க முடியவில்லை. பாதியில் குத்தியது. அவர் எழுந்து வந்து, சட்டைக்கு மேலாலேயே இரண்டு விரலை விலாவில் வைத்தார். மிக மெதுவாகத்தான் வைத்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஒன்றுமில்லை அன்ரி என்கிற சிரிப்பு.

"சிரிக்காதை," என்றார். "நான் நாள் முழுக்க உந்தச் சிரிப்பைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மதியம் என்னை ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். விலா எலும்பில் வெடிப்பு. மாலையில், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, எங்கள் கதவைத் தட்டினார். கணவர் திறந்தார். அன்ரி உள்ளே வரவில்லை. அவருடைய காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நான் பக்கத்திலைதான் இருக்கிறன். சுவர் மெல்லிசு. இனி ஒரு சத்தம் கேட்டால் பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு காணும்."

அவ்வளவுதான். போய்விட்டார். கணவர் கதவைச் சாத்தினார். பூட்டினார். என்னிடம் திரும்பி, அந்த மனுசியிடம் என்ன சொன்னாய் என்று மெல்லிய குரலில் கேட்டார். சுவருக்கு அப்பால் கேட்காத குரல்.

இதுவரை சொன்னதைச் சொல்வது எளிது. நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் ஒரு அடி கிட்ட வந்தார். அவருடைய கோபத்தைத் திருப்பிவிட என் கையில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுத்தேன். அந்த மனுசியே ஒரு மாதிரி என்றேன். அது புத்தகக் கடை இல்லை, அரைகுறை உடுப்போடு நிற்கிற வெள்ளைக்காரிகளின் படம் விற்கிற இடம், என்னை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனா என்றேன். அவர் நின்றுவிட்டார். இன்னும் சொல்லச் சொன்னார். படத்தில் இருக்கிற பெண்கள் மாதிரியே அன்ரி நின்று காட்டினார் என்றேன். எப்படி என்று கேட்டார். காட்டினேன். ஒரு காலைத் தூக்கி, தலைக்குப் பின்னால் கையை வைத்து, வாயை 'ஓ' என்று வைத்து, உடைந்த விலாவோடு. அவர் சிரித்தார். என் மேல் கை வைக்கவில்லை. அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

வேலை அன்றோடு நின்றது. அந்த நாட்களில் அன்ரியின் மகளுக்கு ஒரு சம்பந்தம் முற்றாகியிருந்தது. கொண்டுவந்தவள் அன்ரியின் தமையன் மகள், ரொறொன்ரோவுக்கு வெளியே அஜக்சில் இருந்தவள், மகளுக்கு மச்சாள் முறை. சிறு வயதிலிருந்தே இருவரும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் அஜக்சில் அவளுடைய தெருவிலேயே வீடு வாங்கியிருந்தார்கள். மண்டபம் பார்த்தாகிவிட்டது. என் கணவர் தன் வேலையிடத்தில் சொன்னார், ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னார். ஒரு மாதத்துக்குள் அது அஜக்சுக்குப் போய்ச் சேர்ந்தது. தாய் ஒரு வெள்ளைக்காரனின் கடைப் பின்னறையில் ஆபாசப் படம் மாதிரி நின்று காட்டுகிறாவாம் என்று மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். மகள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அழுதது எனக்கு மூன்று நாள் கேட்டது.

நின்று காட்டியதைப் பார்த்தது உலகத்தில் ஒரே ஒரு ஆள். அது அன்ரிக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தரம்தான் நேருக்கு நேர் கண்டேன். கீழே உடுப்புத் தோய்க்கிற அறை. நான் மெஷினுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் தன் கூடையை வைத்தார். என் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்தால் நல்லது என்றிருந்தது.

"மூச்செடுக்கேக்கை இப்பவும் நோகுதோ?"

"இல்லை, அன்ரி."

"பாரம் தூக்காதை. இன்னும் ஒரு மாசம் பார்."

என்னுடைய ஈரத் துணிகளை அவரே அள்ளி உலர்த்துகிற மெஷினுக்குள் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, போனார். மாத முடிவில் வீடு மாறினார்கள். எங்கே என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தொண்ணூற்றேழு மாரியில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அவருடைய படம். கடவுச்சீட்டுக்கு எடுத்ததைப் பெருப்பித்திருந்தார்கள், அதில் தோளுக்குக் கீழே எதுவும் இல்லை. மூளையில் இரத்தம் கசிந்ததாகக் கடைக்காரப் பெண் சொன்னாள். உடலைப் பார்வைக்கு வைக்கிற இடமும் நேரமும் போட்டிருந்தது. வாசித்தேன். கைக்குழந்தை இருந்தது, பனி கொட்டியது, கணவர் விடமாட்டார். இவை காரணம் அல்ல. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மகளின் கையைப் பிடிக்க வேண்டிவரும், அதனால் போகவில்லை.

அதற்கடுத்த வருடம் என் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வந்தேன். அது இன்னொரு கதை, அதில் என்னைப் பற்றிப் பெருமைப்பட அதிகம் இல்லை. பொலிசுக்கு அடித்தது நான் அல்ல, மேல் மாடியில் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்.

தொண்ணூற்றொன்பதில், அதே அஜின்கோர்ட்டில், அன்ரியின் மகளைக் கண்டேன். மரக்கறிப் பக்கத்தில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப் பிடித்தாள். தள்ளுவண்டிலில் இருந்த என் மகளைத் தூக்கிக் கொஞ்சினாள். இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை, அதே வங்கியில்தான் வேலை என்றாள். கடைசி வருடங்களில் தாய் அடிக்கடி என்னை நினைத்துக்கொண்டதாகச் சொன்னாள். என்ன சொல்வா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை இப்ப எப்பிடி நிக்கிறாளோ என்று சொல்வாவாம்.

சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முருங்கைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். விலாவிலிருந்து தொடங்கி, நான் காலைத் தூக்கிக் காட்டியதுவரை எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவள் பிள்ளையை மெதுவாக வண்டிலில் இருத்தினாள்.

"அம்மாக்குத் தெரியுமோ?"

"ஓம். கேட்ட உடனையே தெரிஞ்சிருக்கும்."

"நான் மச்சாள் எண்டெல்லோ நினைச்சன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவள்தான் எரிச்சலிலை சொன்னவள் எண்டு. அஜக்சிலை அம்மான்ரை வேலை தெரிஞ்சது அவளுக்கு மட்டுந்தானே. அம்மான்ரை செத்தவீட்டுக்கு வந்தவளை வாசலிலை வைச்சுத் திருப்பி அனுப்பினனான், அக்கா. ஐஞ்சு வருசமாக் கதைக்கேல்லை."

சொன்னது மச்சாள் இல்லை, அவள் இல்லை என்று தாய் எத்தனையோ தரம் சொன்னாராம். அப்படியென்றால் யார் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாராம். மச்சாளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறா என்றுதான் மகள் நினைத்திருக்கிறாள்.

ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமையில் என் பெயரைச் சொல்லியிருந்தால் மகள் எங்கள் கதவைத் தட்டி உடைத்திருப்பாள். அவள் போன பிறகு, அந்தக் கதவுக்குப் பின்னால் நானும் கணவரும் இருந்திருப்போம். பிறகு வீடு மாறியும் அன்ரி சொல்லவில்லை. நான் இன்னும் அந்தக் கதவுக்குள்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். இதை நான் அன்ரியின் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும்.

அவள் சாமான் கூடையை அப்படியே நிலத்தில் வைத்தாள். கடை வாசலில், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில், காசு போட்டுப் பேசுகிற தொலைபேசி ஒன்று இருந்தது. அங்கே போனாள். கைப்பையில் துழாவிச் சில்லறை எடுத்துப் போட்டாள். எண்ணை எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை, விரல் தானாக அழுத்தியது. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். எடுத்துவிட்டார்கள் என்று அவளுடைய முதுகில் தெரிந்தது.

"மச்சாள்," என்றாள்.

நான் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கடையின் மற்றக் கதவால் வெளியே வந்தேன்.